கிற்றாரும் பண்ணும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)

மன்ற மண்டபத்திலே கிற்றார் வகுப்பு நடத்த இடந்தரலாமா என்ற கேள்வி இவ்வாண்டு நம் முன் வந்திருக்கிறது. கேட்டவர்கள் இளைஞர்கள். சனிக்கிழமைப் பண்ணிசை வகுப்பு முடிந்தபின் ஒரு மணி நேரம் தந்தாற் போதும் என்கிறார்கள். மறுப்பவர்கள் பெரியோர்கள். தேவாரம் ஒலிக்கும் மண்டபத்தில் அந்தக் கருவிக்கு என்ன வேலை, அது வந்துவிட்டால் பண் படிக்க எந்தப் பிள்ளை மிஞ்சும் என்கிறார்கள். இரு திறத்தாரும் சொல்வதில் நியாயம் உண்டு. ஆயினும், கிற்றார் என்ன செய்ய வல்லது, என்ன செய்ய மாட்டாதது என்பதை இரு திறத்தாரும் ஆராய்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆகையால் இன்று அதனையே பேச எடுத்துக்கொண்டோம்.

மேல்நாட்டுக் கருவி என்ற குற்றச்சாட்டை முதலில் ஒதுக்கி வைப்போம். அதிலே அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர். இன்று வயலின் இல்லாத கச்சேரி மேடையை நாம் நினைத்தும் பார்ப்பதில்லை. பண்ணிசைக்கு முன்னால் நாம் வைத்துக்கொள்ளும் ஆர்மோனியம் 1842ஆம் ஆண்டிலே பாரிசு நகரத்தில் தெபேன் என்பவர் உரிமம் பெற்ற கருவியின் வழி வந்தது. அதனை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தன் நிலையத்துக்குள் விடவில்லை என்பதையும் பெரியோர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அதனை விலக்கியவர்கள் சொன்ன காரணங்களிலே ஒன்று மிக உண்மையானது. கட்டையை அழுத்தினால் ஒரு சுரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அசைவும் வளைவும் அதற்குக் கிடையா. இந்தக் காரணம் கிற்றாருக்கும் ஓரளவு பொருந்தும். அதனைப் பின்னர் பேசுவோம்.

பிள்ளைகள் "கோட்" என்று சொல்கிறார்களே, அது என்ன? ஒரே நேரத்தில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது. அவ்வளவுதான். சுரக்கூட்டு என்று நாம் சொல்லிக்கொள்வோம். இதனை விளங்கிக்கொள்ளக் கிற்றார் வேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு ஆண்டுதோறும் போகிறவர்கள் நாம். முல்லைத்தீவிலே கோவலன் கூத்து ஆடக் கண்டவர்கள் நம்மிற் பலர். அந்தக் கண்ணகியின் கதையைச் சொல்லும் சிலப்பதிகாரத்திலே ஆய்ச்சியர் குரவை என்று ஒரு காதை இருக்கிறது. அங்கே மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்திக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இடுகிறாள். (குரல் என்பது இன்றைய எந்தச் சுரம் என்பதில் அறிஞர்கள் ஒருமைப்படவில்லை. அந்த வழக்குக்குள் நாம் இறங்கவேண்டியதில்லை.) அதேபோல நம் மன்றத்துப் பிள்ளைகள் ஏழு பேரை வட்டமாக நிறுத்தி, சங்கராபரணத்தின் ச ரி க ம ப த நி என்னும் ஏழையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துப் பாருங்கள். முதலாமவரும் மூன்றாமவரும் ஐந்தாமவரும் ஒன்றாகப் பாடட்டும். ச, க, ப மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். இது ஒரு சுரக்கூட்டு. அடுத்துள்ள இருவரை விட்டு நாலாமவரிலிருந்து தொடங்கி ம, த, மேற்ச என்று ஒருவர் விட்டு ஒருவராகப் பாடினால் இன்னொன்று. ஐந்தாமவரிலிருந்து தொடங்கினால் ப, நி, மேல்ரி. இவை மூன்றையுஞ் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஏழு சுரமும் உள்ளே வந்துவிட்டன. மூன்று கூட்டைக் கற்ற பிள்ளை எண்ணற்ற பாட்டுக்கு வாசித்துவிடுவதன் இரகசியம் இதுதான். வேறு மந்திரம் ஒன்றுமில்லை.

இனி மேஜர், மைனர் என்ற சொற்கள். வீணையிலே 24 மெட்டுகள் உண்டு. ஒரு தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு தாயிக்கு அவை போதும். கிற்றாரிலும் ஒரு தாயிக்குப் பன்னிரண்டு மெட்டே. பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரி நடுவிலே விழும். அங்கே விரல் வைத்தால் மேற்சட்சம் பேசும். வீணை பழகிய பிள்ளைக்கு இது புதிதன்று. சட்சத்திலிருந்து நாலு மெட்டு மேலே போனால் அந்தரகாந்தாரம். அங்கிருந்து மூன்று மெட்டு போனால் பஞ்சமம். இப்படி நாலும் மூன்றுமாக அடுக்கினால் மேஜர். முதலில் மூன்று, பின் நாலு என்று அடுக்கினால் நடுவிலே சாதாரணகாந்தாரம் வரும். அது மைனர். பஞ்சமம் இரண்டுக்கும் பொது. வேறுபாடு காந்தாரம் ஒன்றிலே, அதுவும் ஒரு மெட்டளவிலே. இந்த ஒன்றைக் காதாற் பிரித்தறியப் பழகிய பிள்ளை கிற்றார்ப் படிப்பிற் பாதியைக் கடந்துவிட்டது என்று நாம் துணிந்து சொல்வோம்.

இங்கே இளைஞர்களிடம் ஒரு குறை சொல்லவேண்டும். கைத்தொலைபேசியிலே யாரோ ஒருவர் விரல் வைக்கும் படத்தைப் பார்த்து, இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே என்று பாடமாக்கிக்கொள்கிறீர்கள். ஏன் அங்கே வைக்கவேண்டும் என்று கேட்பதில்லை. ஈ-மைனர் என்னும் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் முதலிற் கற்பது அதுதான். இரண்டு விரல் போதும். ஏன் இரண்டு? கிற்றாரின் ஆறு தந்திகள் தடித்ததிலிருந்து மெலிந்தது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று கட்டப்பட்டவை. ஈயைச் சட்சமாகக் கொண்டால் ஜி மூன்றாம் மெட்டிலுள்ள சாதாரணகாந்தாரம், பி ஏழாம் மெட்டிலுள்ள பஞ்சமம். ஆகவே ஆறிலே நாலு தந்திகள் விரல் படாமலே நமக்கு வேண்டிய சுரத்தைச் சொல்கின்றன. ஏ, டி என்னும் இரண்டுந்தான் வேற்றார். அவற்றை இரண்டாம் மெட்டிலே அழுத்தினால் ஏ என்பது பி ஆகிறது, டி என்பது ஈ ஆகிறது. வேலை முடிந்தது. இனி ஜி தந்தியையும் முதல் மெட்டிலே அழுத்துங்கள். காந்தாரம் ஒரு மெட்டு ஏறி அந்தரகாந்தாரமாகிறது. மைனர் மேஜராகிவிட்டது. இதனை ஒருமுறை விளங்கிக்கொண்டவன் நூறு படத்தைப் பாடமாக்க வேண்டியதில்லை. தானே கூட்டிக்கொள்வான்.

தமிழ் இசை நூலார் சுரங்களின் உறவைக் கவனிக்காதவர்கள் அல்லர். சிலப்பதிகார உரைகளிலே ஐந்தாம் நரம்பைக் கிளை என்றும், நாலாம் நரம்பை நட்பு என்றும், மூன்றாவதையும் ஆறாவதையும் பகை என்றும் வகுத்திருக்கிறார்கள். உறவுமுறையை வைத்தே இசையைச் சொன்ன மக்கள் நாம்! காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானமுங் கற்று, இராமகிருட்டிண சங்கத்துத் துறவியான விபுலாநந்த அடிகள் பல ஆண்டு உழைத்து இவற்றையெல்லாம் கணக்கிட்டு எழுதிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டில் அரங்கேறியது. அதற்கு முன் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். மூன்றாம் நரம்பு பகையென்று முன்னோர் சொல்ல, கிற்றார்க் கூட்டின் உயிரே மூன்றாம் நரம்பிலே இருப்பதைக் கவனியுங்கள். ஐரோப்பியரும் ஒரு காலத்தில் மூன்றாம் சுரத்தை முழு இணக்கமாக ஏற்கவில்லை. பின்னாளில்தான் அதனை நடுவீட்டில் இருத்தினார்கள். ஆக, கூட்டிசை என்பது ஒரு மக்கள் தம் காதைப் பழக்கிக்கொண்ட வழி. நம் முன்னோர் வேறு வழியிற் பழக்கினார்கள்.

இங்கேதான் பெரியோர்களின் அச்சத்துக்கு இடமிருக்கிறது. கூட்டிசை ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, பஞ்சமத்தின் கூட்டுக்குப் போய், மீண்டும் சட்சத்தின் கூட்டுக்குத் திரும்பி வரும் பிரயாணம். கேட்பவர் மனம் எப்போது வீடு திரும்புவோம் என்று எதிர்பார்த்தபடியே இருக்கும். பண் அப்படிப்பட்டதன்று. சட்சம் என்ற வீட்டுத் திண்ணையை விட்டு அது எழுவதேயில்லை. தம்புராவோ சுருதிப் பெட்டியோ ஓயாமல் அந்த ஒரே இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பாடுபவர் அதிலே இருந்தபடி ஒவ்வொரு சுரத்தையும் தொட்டும் அசைத்தும் வளைத்தும் காட்டுகிறார். ஓதுவார் இழைத்து இழைத்துப் பாடும்போது கீழே மூன்று சுரம் அசையாமல் நின்றால், அவர் அசைக்கும் சுரத்தோடு அது மோதும்.

ஓர் உதாரணம் சொல்வோம். நமக்கு அயலிலே மன்னாரில் இருக்கும் திருக்கேதீச்சரத்துக்குச் சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதிகத்தின் பண் நட்டபாடை. அதனை இன்று நாட்டை இராகத்திற் பாடுகிறோம். நாட்டையிலே வரும் ரிசபம் சட்சுருதி ரிசபம். சட்சத்திலிருந்து மூன்றாம் மெட்டு. நாம் சற்றுமுன் சாதாரணகாந்தாரம் என்று சொன்ன அதே மெட்டு! காந்தாரமோ நாலாம் மெட்டு. பாடுபவர் இரண்டையும் அடுத்தடுத்துத் தொடுகிறார். கிற்றார்க்காரர் மைனர் வாசிப்பதா, மேஜர் வாசிப்பதா? எதை வாசித்தாலும் பாட்டின் பாதி அதனோடு முரண்படும். இது கிற்றார்க்காரரின் திறமைக்குறைவு அன்று. அந்தப் பண் அந்த வழியிலே நடக்க அமைந்ததன்று. பழம்பஞ்சுரத்தைச் சங்கராபரணத்திற் பாடுகிறோம். அங்கே சுரம் மோதாது. ஆயினும் மத்திமத்தை அசைத்துப் பாடும் இடத்திலே கூட்டு குறுக்கே வந்து நிற்கும்.

இன்னொன்று, சுருதியின் நுட்பம். சட்சம் ஒரு வினாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், தூய பஞ்சமம் 360, தூய அந்தரகாந்தாரம் 300. கிற்றாரின் பன்னிரண்டு மெட்டும் எல்லாச் சட்சத்துக்கும் பொதுவாக உதவவேண்டும் என்பதற்காகச் சமமாகப் பங்கிடப்பட்டவை. அதனால் அதன் பஞ்சமம் 359.6 ஆகவும் காந்தாரம் 302.4 ஆகவும் வரும். பஞ்சமத்தின் வேறுபாடு காதுக்குத் தெரியாது. காந்தாரம் சற்றுத் தூக்கலாக நிற்பது தம்புராவிலே பழகிய காதுக்கு உடனே தெரியும். ஆர்மோனியத்துக்கும் இதே குறை உண்டு. அதனைப் பொறுத்துக்கொண்ட நாம் இதனை மட்டும் பழிப்பது முறையன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

"இளையராஜா திருவாசகத்துக்கே மேல்நாட்டு வாத்தியக் குழுவை வைத்து வாசிக்கவில்லையா?" என்று நேற்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. 2005ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அந்தப் படைப்பைப் பற்றி இன்றும் சைவப் பெரியோர்களிடையே இரு கருத்து உண்டு. நம் கருத்து இது. கோயில்களில் மோகனத்திற் பாடிவரும் மெட்டை எடுத்து அதன் கீழே கூட்டைச் சொருகும் வேலையை அவர் செய்யவில்லை. கூட்டிசைக்கென்றே புதிய மெட்டை அமைத்தார். அப்படிச் செய்ய முடிந்தது ஏனென்றால், பண்ணைப்புரம் என்ற கிராமத்திலிருந்து சென்னைக்குப் போன அந்த இளைஞர், தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசையின் எழுத்தையும் இலக்கணத்தையும் முறையாகக் கற்றார். கிற்றாரிலே தேர்வும் எழுதினார். முத்துசுவாமி தீட்சிதரும் ஆங்கில வாத்தியக் குழுவினரின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமக்கிருதத்திற் சாகித்தியம் செய்தார். நோட்டுசுரம் என்று அவற்றை இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அவரும் சங்கராபரணம் என்ற பொருந்தும் இடத்திலேதான் அதனைச் செய்தார். இருவரும் இரண்டையும் அறிந்தவர்கள். ஒன்றையும் அறியாமல் இரண்டையும் கலப்பதற்கு அவர்களைச் சாட்சிக்கு அழைக்கக்கூடாது.

ஆகவே இரு திறத்தாருக்கும் நாம் சொல்வது, வகுப்புக்கு இடங்கொடுங்கள், பண்ணின் கீழே கூட்டு வாசிக்க இடங்கொடாதீர்கள் என்பது. பசனைப் பாட்டுக்கு, மன்றக் கீதத்துக்கு, இளைஞர்கள் தாமே புனையும் பாட்டுக்குக் கூட்டு அழகாகப் பொருந்தும். 1960களிலும் 1970களிலும் நம் நாட்டுத் தமிழ்ப் பொப்பிசைக்காரர்கள், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர், மூன்று நாலு கூட்டை வைத்தே ஊரெல்லாம் பாடவைத்தார்கள். அது தாழ்ந்ததென்று நாம் நினைக்கவில்லை. ஆனால் அதன் இடம் வேறு.

பண்ணுக்கும் கிற்றார் உதவும் ஒரு வழி உண்டு. இதனை இளைஞர்கள் இன்று இரவே செய்து பார்க்கலாம். ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதலாம் தந்தி மூன்றையும் இரண்டு மெட்டளவு இளக்குங்கள். ஈ டியாகும், பி ஏயாகும், மற்ற ஈயும் டியாகும். ஐந்தாவதும் நாலாவதும் இருந்தபடி இருக்கட்டும். இப்போது டியைச் சட்சமாகக் கொண்டால் ச, ப, ச என்று மூன்று, பின் மூன்றாம் தந்தியை விட்டு ப, ச என்று இரண்டு. மூன்றாம் தந்தி மத்திமம் சொல்லும். அதனைத் தொடவேண்டாம். மற்ற ஐந்தையும் விரலால் மெதுவாக, ஒரே சீராக, தாளம் போடாமல் மீட்டிக்கொண்டிருந்தால் அதுவே தம்புரா. சுருதி இரண்டு கட்டை. பெண்பிள்ளைகள் ஐந்து கட்டையிற் பாடுவதானால் ஐந்தாம் மெட்டிலே கவ்வியைப் பூட்டிக்கொள்ளலாம். சட்சமும் பஞ்சமமும் மாத்திரம் ஒலிப்பதால் எந்தப் பண்ணோடும் மோதாது. தம்புரா இல்லாத மண்டபத்திலே, சுருதிப் பெட்டி பழுதான நாளிலே, இது பெரிய உதவி.

தம்புரா இல்லாத மண்டபம் என்றோம். வன்னியிலே அதற்குக் காரணம் கேட்கவேண்டியதில்லை. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் விட்டு நடந்தபோது மிருதங்கத்தையும் வீணையையும் யார் சுமந்தார்? பிள்ளைகளைச் சுமக்கவே கை போதவில்லை. மீண்டு வந்தபோது வீடே இல்லை. வாத்தியத்தைத் தேடுவது எங்கே? அன்று கையிற் குழந்தையாக இருந்தவர்கள்தாம் இன்று கிற்றார் வேண்டுமென்று கேட்கிறார்கள். பாட்டு வேண்டுமென்று ஒரு பிள்ளை தானாக வந்து கேட்கும்போது, நீ கேட்கும் கருவி சரியில்லை என்று அனுப்பிவிட்டால், அது வேறு வாசலுக்குப் போய்ப் பாட்டைக் கற்கும் என்பதுகூட உறுதியில்லை. பேசாமல் வீட்டிலே இருந்துவிடும். பெரியோர்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். பண் வகுப்புக்கு இன்று வரும் தொகையை நாம் அறிவோம். அது கிற்றாரால் குறைந்த தொகையன்று.

இனிச் சில நடைமுறைச் செய்திகள். பண் வகுப்பிலே இருந்தவர்க்கே கிற்றார் வகுப்பு என்ற விதியை வைப்போம். தண்டனையாக அன்று. சரளிவரிசையைச் சுருதியோடு பாடத் தெரிந்த பிள்ளைக்கு மேற்சொன்ன கூட்டெல்லாம் சில கிழமைகளிற் பிடிபடும். தெரியாத பிள்ளை மாதக்கணக்காகப் படத்தைப் பார்த்தே விரல் வைத்துக்கொண்டிருக்கும். முதல் ஒரு மாதம் விரல்நுனி நோகும். அது எல்லோருக்கும் உள்ளது, பின்பு தோல் தடித்துவிடும். நைலோன் தந்தி பூட்டிய கருவி தொடக்கத்துக்கு நல்லது. உருக்குத் தந்தி பிஞ்சு விரலை வெட்டும், கடற்கரை ஊர்களிலே விரைவிற் துருவும் பிடிக்கும். தகரக் கூரையின் கீழே, வெயில் படும் சுவரிலே கிற்றாரைத் தொங்கவிடாதீர்கள். பசை இளகிக் கழுத்து வளைந்துவிடும். வளைந்த கழுத்திலே எந்தச் சுரமும் தன் இடத்தில் நிற்காது. பிறகு பிள்ளை தன் காதைக் குறை சொல்லிக்கொண்டு விட்டுவிடும்.

காலபோக அறுவடை முடியும்வரை பிள்ளைகள் வயலிலே உதவியாக இருப்பார்கள். ஆகையால் வகுப்பை அதன்பின் தொடங்கலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கருவி இரண்டு தருவதாக வெளிநாட்டிலிருக்கும் நம் ஊரவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவை வந்து சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதல் நாலு பாடத்துக்குக் கிற்றாரே வேண்டாம். ஏழு பிள்ளைகள் வந்தாற் போதும், வட்டமாக நிறுத்திப் பாடம் தொடங்கலாம்.